முள்ளரின் ரேடியோவும் அளவெட்டி அண்ணையும்

இந்தக் குடாநாட்டில் மாரி மழை பிந்தினால் வானத்தைக் கழற்றிப் பார்த்து, எந்த ஆணி இளகியிருக்கிறது என்று சொல்லக்கூடிய மனிதர் ஒருவர் உண்டென்றால் அவர் முள்ளர்தான். வானம் எட்டாத உயரத்தில் இருப்பதால் தப்பியது. எட்டுகிற தூரத்தில் இருந்த எதுவும் அவரிடமிருந்து தப்பியதாக நான் அறியேன்.

இணுவிலில் அவருடைய வீட்டு முன்னறையில் கொஞ்சக் காலம் வாடகைக்கு இருந்தேன். நீர்வேலியில் என் வீடு கட்டி முடியும்வரை தங்க ஓர் இடம் வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் நான் வேலை பார்க்கும் காப்புறுதிக் கந்தோருக்குப் போய்வரவும் வசதி. முள்ளர் நில அளவைக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். யாருடைய முகம் வாடியிருந்தாலும், "முள்ளு கொஞ்சம் விலகி நிக்குது போலை" என்பார். பழைய ரேடியோக்களில் நிலையம் காட்டும் முள்ளைத்தான் சொல்கிறார் என்று ஊருக்கு விளங்கியதிலிருந்து அவர் முள்ளர் ஆனார். அவருடைய மனைவி மணியக்காவே நல்ல கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார்.

முள்ளரின் கொள்கை ஒன்றே ஒன்று. "ஒரு நேரத்திலை ஒண்டை மட்டும் மாத்து. மாத்திப்போட்டுப் பார். பேந்து மற்றது." பழுதான ரேடியோவுக்கு இது நல்ல கொள்கை. அவர் இதை முழு உலகத்துக்கும் வைத்திருந்தார்.

ஒருநாள் கத்தரிக்காய்க் குழம்பு கசந்தது. வேறு மனிதர் என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டு எழும்பியிருப்பார். முள்ளர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"மணி, நாளைக்கும் இதே குழம்பை வை. வெந்தயத்தை மட்டும் விடு. நாளையிண்டைக்கு வெந்தயத்தைப் போடு, கத்தரிக்காயை வேறை தோட்டத்திலை வாங்கு. பிழை எங்கையெண்டு பிடிச்சுப் போடலாம்."

மறுநாள் மத்தியானம் வெறும் சோறு வந்தது.

"என்னப்பா, குழம்பு எங்கை?"

"நீங்கள் சொன்ன மாதிரி ஒண்டைத்தான் மாத்தினனான். குழம்பை நிப்பாட்டிப் பாத்தன். கசப்பு நிண்டிட்டுதோ?"

முள்ளர் யோசித்தார். "ஓம், நிண்டிட்டுது," என்று ஒப்புக்கொண்டு, சோற்றுக்குத் தண்ணீரும் உப்பும் விட்டுச் சாப்பிட்டார். மனைவி கேலி செய்தது அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. முறையாக நடந்த ஒரு சோதனை என்றே நினைத்திருந்தார்.

பக்கத்துத் தோட்டக்காரர் நடராசரின் கிணற்று மோட்டர் ஒருநாள் தண்ணீர் இழுக்கவில்லை. மிளகாய்க் கன்றுகள் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன. முள்ளர் வந்தார். வயரைப் பார்த்தார், மோட்டரைப் போட்டார், நிறுத்தினார். சுவிச்சைப் பார்த்தார், மோட்டரைப் போட்டார், நிறுத்தினார். நடராசர் கன்றுகளையும் முள்ளரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு அழும் நிலையில் நின்றார். கடைசியில் கிணற்றுக்குள் இருந்த குழாயை மேலே தூக்கினால் அதன் வாயில் ஒரு தவளை அடைத்துக்கொண்டிருந்தது. தவளையை எடுத்ததும் தண்ணீர் பாய்ந்தது.

"பொறும் நடராசர்," என்றார் முள்ளர். "தவளையைத் திரும்ப வைச்சுப் பாக்க வேணும்."

"ஐயோ, ஏன் அண்ணை?"

"தவளைதான் காரணமோ, குழாயைத் தூக்கி இறக்கினதிலை சரிவந்ததோ எண்டு தெரிய வேணுமெல்லே?"

தவளைக்கு எங்கள் எல்லாரையும்விட உலக அனுபவம் இருந்தது. அது அதற்குள் வாழைப் பாத்திக்குள் பாய்ந்து மறைந்துவிட்டது. அந்தச் சந்தேகம் இன்றுவரை தீரவில்லை என்று முள்ளர் சொல்லுவார்.

இப்படிப்பட்ட மனிதர் வீட்டில்தான் ஊரிலேயே அதிகம் பிழைவிடும் ரேடியோ இருந்தது. கறுப்புப் பெட்டி, ஒரு பக்கம் சுற்றுகிற குமிழ், நடுவிலே முள்ளுக்குப் பதிலாக இலக்கம் காட்டும் சின்னக் கண்ணாடி. அதில் பழுது ஒன்றல்ல. போட்டுக் கொஞ்ச நேரம் சென்று சூடேறியதும் நிலையம் மெல்ல மெல்ல விலகிப் போகும். குரல் முதலில் மூக்கடைத்தது போல் ஆகும், பிறகு இரைச்சல், பிறகு இரைச்சல் மட்டும். திருப்பிப் பிடிக்கலாம் என்று குமிழைத் தொட்டால் அது உள்ளே அழுக்கேறிக் கிடந்ததால் இரண்டு மூன்று நிலையங்களைத் தாண்டித் துள்ளும். எங்கே நிற்கிறோம் என்று கண்ணாடியைப் பார்த்தால் அதில் இலக்கங்களின் நடுக்கோடு செத்துப் போயிருந்தது. எட்டுக்கும் பூச்சியத்துக்கும் ஒரே முகம்.

கனடாவில் இருக்கும் மகள் புது ரேடியோ அனுப்புகிறேன் என்றாள். முள்ளர் தடுத்துவிட்டார். "புதுசு வந்தால் பழசிலை என்ன பிழையெண்டு ஒருநாளும் தெரியாமல் போயிடும், பிள்ளை."

நான் என் கைப்பேசியை நீட்டினேன். "இதிலை எல்லா ரேடியோவும் வரும் அண்ணை. இரைச்சலும் இல்லை."

அவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டார். கைப்பேசியில் செய்தி வாசிப்பவர் அரை நிமிடம் பிந்தி வந்தார். முள்ளர் அதைத் திருப்பித் தந்துவிட்டார்.

"உது பிந்தி வருது, தம்பி. உதிலை கேட்டால் செத்த மனிசன் அரை நிமிஷம் கூடுதலாய் உயிரோடை இருப்பான். எனக்கு உந்தப் பொய் வேண்டாம்."

செத்த மனிதன் ஏன் இங்கே வந்தான் என்று எனக்கு விளங்கவில்லை. முள்ளர் அந்த ரேடியோவில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: காலைச் செய்திக்குப் பிறகு வாசிக்கப்படும் மரண அறிவித்தல்கள். பாட்டோ நாடகமோ அவருக்கு வேண்டாம். அறிவித்தல் தொடங்கினால் வீட்டில் ஒருவரும் கரண்டியைக்கூட அசைக்கக்கூடாது. காரணத்தை மணியக்காதான் ஒருநாள் கிணற்றடியில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

முள்ளருக்கு அளவெட்டியில் ஒரே ஒரு தமையன். தகப்பனின் காணியை இருவருக்கும் பிரித்தபோது எல்லையில் தகராறு வந்தது. முள்ளர் கந்தோர்ச் சங்கிலியைக் கொண்டுபோய் அளந்தார். "உன்ரை சங்கிலி இழுபட்டுப் போச்சு," என்று தமையன் சொல்லிவிட்டார். நில அளவைக்காரனின் சங்கிலியைப் பிழை சொல்வதைவிட அவனுடைய தாயைத் திட்டலாம். அன்று நின்ற கதைபேச்சு இன்னும் தொடங்கவில்லை. கலியாண வீடு, சாமத்திய வீடு எதற்கும் போக்குவரத்துக் கிடையாது.

"ஆனால் செத்த வீடு வேறை, தம்பி," என்றார் மணியக்கா. "செத்த வீட்டுக்கு ஒருத்தரும் வந்து கூப்பிடுறேல்லை. கேள்விப்பட்டால் போக வேணும். அண்ணைக்கு ஏதும் நடந்தால் அங்கையிருந்து இவருக்கு ஆரும் சொல்லி அனுப்ப மாட்டினம். ரேடியோவிலை சொன்னால் இவர் கேட்டுப்போட்டுப் போகலாம். அண்ணைக்கு வாய்க்கரிசி போடாமல் விட்டிடுவனோ எண்டுதான் இந்த மனிசனுக்குப் பயம்."

அதற்குப் பிறகு அந்தக் கரகரப்பை நான் வேறு காதால் கேட்கத் தொடங்கினேன். ஒரு மனிதர் தமையனைப் போய்ப் பார்ப்பதற்கு, தமையன் சாகும்வரை காத்திருக்கிறார். அந்தச் செய்தியும் தவறிவிடக்கூடாது என்பதற்காகப் பெட்டியைத் திருத்திக்கொண்டிருக்கிறார். எனக்கு எரிச்சலும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"அறிவித்தல் தொடங்கிற நேரம் ரேடியோவைப் போட்டால் என்ன அண்ணை? சூடேற முதல் முடிஞ்சிடுமே," என்று கேட்டேன்.

"அது வருத்தத்தைச் சுகப்படுத்திறேல்லை, தம்பி. வருத்தக்காரனை ஒளிச்சு வைக்கிறது."

ஒவ்வொரு காலையும் ஒரு மாற்றம். ரேடியோவை ஜன்னலடியில் வைத்தார், விலகியது. மின்சாரத்தை விட்டுப் பற்றரியில் போட்டார், விலகியது. அரியல் கம்பியைக் கொய்யா மரத்துக்கு இழுத்துக் கட்டினார், விலகியது. மணியக்காவின் கொடியில் காய்ந்த சேலையும் கீழே விழுந்தது. குமிழைத் துப்புரவாக்கி, கண்ணாடியையும் கழற்றிப் பார்த்தால் பாதித் தொல்லை தீரும் என்று நான் மன்றாடினேன். அவை வரிசையில் பின்னால் இருக்கின்றன என்றார். விலகலுக்குக் காரணம் பிடிபடும்வரை வேறு ஒன்றிலும் கை வைக்க மாட்டார்.

ஒருநாள் காலைப் பரீட்சை, பெட்டியின் பின்மூடியைக் கழற்றி வைப்பது. சூடு வெளியேறினால் நிலையம் நிற்குமா என்று பார்க்க வேண்டும். சோதனை முடியும்வரை குமிழை யாரும் தொடக்கூடாது.

"நீரும் தொடாதையும், நானும் தொடமாட்டன்," என்று கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

செய்தி முடிந்தது. அறிவித்தல் தொடங்கியது. முதல் மூன்று பேரும் ஒழுங்காகச் செத்தார்கள். நாலாவது தொடங்கும்போதே குரல் மூக்கடைத்தது.

"அளவெட்டியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட கந்தையா…"

அவ்வளவுதான். மிச்சம் இரைச்சல்.

எங்கள் அறிவித்தல்களில் தகப்பன் பெயர் முன்னால் வரும், செத்தவர் பெயர் பின்னால் வரும். முள்ளரின் தகப்பன் பெயர் கந்தையா.

முள்ளரின் கை பாய்ந்து குமிழைப் பிடித்தது. குமிழ் துள்ளியது. ஒரு சினிமாப் பாட்டு. இன்னொரு துள்ளல். ஒரு பெண் வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கச் சொன்னாள். கண்ணாடியில் எட்டா பூச்சியமா என்று தெரியாத ஓர் இலக்கம். முள்ளர் அதைக் கைவிரலால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், துடைத்தால் நடுக்கோடு வருமென்பதுபோல. நிலையம் திரும்பக் கிடைத்தபோது குரல் இவ்வளவுதான் சொன்னது:

"…உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்."

அடுக்களையிலிருந்து மணியக்கா ஓடிவந்தார். "அங்கை போன் எடுத்துக் கேக்கட்டே?"

"என்னெண்டு கேப்பாய்? 'உங்கடை வீட்டிலை ஆரும் செத்ததோ' எண்டோ?"

முள்ளர் எழும்பினார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் வேட்டியை இரண்டு தரம் உடுத்தினார். முதல் தரம் நிற்கவில்லை.

"தம்பி, உம்மடை மோட்டார்சைக்கிளை எடும். இன்னும் ஒண்டும் முடிவில்லை. அளவெட்டியிலை கல்லெறிஞ்சால் ஒரு கந்தையாவின்ரை மகனிலைதான் விழும். போய்ப் பாத்துத்தான் சொல்லலாம்."

சுன்னாகம் சந்தை நெரிசலுக்குள் வளைந்து போகும்போது, பின்னாலிருந்து அவர் என் சட்டையைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு மூச்சு முட்டியது. மல்லாகத்தில் திரும்பியதும் பேசத் தொடங்கினார். என்னோடு அல்ல, தனக்குத் தானே.

"வெள்ளைக்கொடி கட்டேல்லை. சரி, அது கட்ட நேரமாகும். பறைச் சத்தம் கேக்கேல்லை. சரி, மேளகாரருக்கு இப்பத்தான் சொல்லியிருப்பினம்…"

ஒழுங்கைக்குள் நுழைந்தபோது ஒரு வீட்டுக்குள் யாரோ நாதஸ்வரம் பழகிக்கொண்டிருந்தார்கள். முள்ளர் என் தோளில் தட்டினார்.

"நிப்பாட்டும், நிப்பாட்டும். கேளும். பக்கத்திலை செத்த வீடெண்டால் உவை மங்கல வாத்தியம் வாசிக்க மாட்டினம் எல்லே?"

"மாட்டினம் அண்ணை."

"சத்தியமாய்?"

கந்தோரில் எத்தனையோ பேர் என்னிடம் எதையெதையோ உறுதிப்படுத்தச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. "சத்தியமாய் அண்ணை," என்றேன்.

வளைவைத் தாண்டினோம். படலையடியில் ஒரு கிழவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிளுவங் கதியால்களை நட்டு வேலி அடைத்துக்கொண்டிருந்தார். முள்ளரின் அதே மூக்கு, அதே வழுக்கை. அதே எல்லை வேலிதான் என்பதும் முள்ளர் அதைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

முள்ளர் இறங்கினார். மோட்டார்சைக்கிளின் இருக்கையைப் பிடித்த கையை மட்டும் விடவில்லை. தமையன் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன, திரும்பவும் அளக்க வந்தனியோ?"

முள்ளர் இல்லையென்று தலையாட்டினார்.

"வெள்ளை வேட்டியோடை நிக்கிறாய். ஆரின்ரை செத்த வீடு?"

"என்ரை ரேடியோ பழுது, அண்ணை."

"அதுக்கு நான் என்ன செய்யிறது?"

"கந்தையா மட்டுந்தான் கேட்டுது. பெயர் வர முதல் விலகிப் போட்டுது."

தமையனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் கையிலிருந்த கதியாலைக் கீழே போட்டார்.

"அது கோயிலடிக் கந்தையாவின்ரை மகன். நான் முழுக்கக் கேட்டனான்." வேலியைப் பார்த்துக்கொண்டே மேலும் சொன்னார். "நானும் நாள் தவறாமல் கேக்கிறனான். 'இணுவிலை வதிவிடமாகவும்' எண்டு ஒருக்கால் வந்தால் போதும், பெயர் வாறவரைக்கும் எனக்குத் தேத்தண்ணி இறங்காது."

அப்போதுதான் முள்ளர் அழுதார். ஒரு முறையும் ஒழுங்கும் இல்லாமல், வேட்டித் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, தெருவில் நின்று அழுதார். எனக்கும் கண் கலங்கியது. மோட்டார்சைக்கிளின் பிளக்கைப் பார்ப்பவன் போலக் குனிந்துகொண்டேன்.

"விசரா, நான் உயிரோடை நிக்கிறன். அதுக்கு ஏனடா அழுகிறாய்?" என்று அதட்டிய தமையனின் குரலும் சரியாக இல்லை.

உள்ளேயிருந்து அவருடைய மனைவி வந்து, "வந்த மனிசரை வேலியிலை வைச்சோ கதைக்கிறது? உள்ளை வாங்கோ," என்று சத்தம் போட்டார். உள்ளே போனோம், தேத்தண்ணீர் குடித்தோம். வெள்ளை வேட்டியும் வீண்போகவில்லை. அண்ணனும் தம்பியும் ஒன்றாகவே கோயிலடிக் கந்தையாவின் மகனுடைய செத்த வீட்டுக்குப் போனார்கள். அங்கே சனம் செத்தவரை விட்டுவிட்டு இவர்கள் இருவரையும்தான் பார்த்தது.

அடுத்த ஞாயிறு தமையன் இணுவிலுக்கு வந்தார், தன் வீட்டில் செத்துக் கிடந்த ஒரு ரேடியோவையும் தூக்கிக்கொண்டு. ஒரே இரத்தம் அல்லவா? முள்ளர் பஞ்சை ஸ்பிரிட்டில் தோய்த்து, தன் பழைய ரேடியோவின் திறந்த பெட்டிக்குள் ஒவ்வொரு உறுப்பாகத் தொட்டுக் குளிரவைத்துக்கொண்டு போனார். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கொண்டென்சரில் பஞ்சு பட்டதும் விலகிப்போயிருந்த நிலையம் ஓடிவந்து நின்றது. பிடித்துவிட்டார். இத்தனை நாள் பிடிவாதத்துக்குப் பலன்.

முள்ளர் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போன நேரத்தில் தமையன் தன் பெட்டியிலிருந்து ஒரு கொண்டென்சரைக் கழற்றி இதில் போட்டுவிட்டார். அத்தோடு நிற்காமல் குமிழைத் துப்புரவாக்கினார். இலக்கக் கண்ணாடியைக் கழற்றி, அதன் அடியில் இருந்த இறப்பர்ப் பட்டியை ஸ்பிரிட்டால் துடைத்து இறுக்கியும் வைத்தார். ரேடியோவைப் போட்டால் நிலையம் மலைபோல நின்றது. எட்டுக்கு நடுக்கோடு வந்திருந்தது. நானும் மணியக்காவும் கைதட்டினோம். முள்ளர் ஈர முகத்தோடு வந்து பார்த்தார்.

"ஆர் உங்களை மூண்டையும் ஒரேயடியாய்ச் செய்யச் சொன்னது?"

"வேலை செய்யுதெல்லேடா?"

"எதாலை வேலை செய்யுது? அதைச் சொல்லுங்கோ பாப்பம்!"

புதுக் கொண்டென்சரைக் கழற்றிப் பழையதைத் திரும்பப் போட்டார். நிலையம் பழையபடி விலகியது. "பாத்தியளோ! பாத்தியளோ!" என்று அவர் துள்ளிய துள்ளலை மகளின் கலியாணத்தில்கூடத் துள்ளியிருக்க மாட்டார். பிறகு புதியதைப் போட்டு மூடினார்.

"இந்த விசரனோடை கதையாமல் இருந்த காலம் எவ்வளவு நிம்மதி," என்று தமையன் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். எல்லைத் தகராறு தீரவில்லை. சங்கிலி இழுபட்டதா இல்லையா என்று இன்னும் பின்னேரம் முழுக்கச் சண்டை பிடிக்கிறார்கள், ஒரே தட்டில் இருந்த வடையைச் சாப்பிட்டுக்கொண்டு.

நான் இப்போது நீர்வேலியில் சொந்த வீட்டுக்கு வந்துவிட்டேன். கிழமையில் ஒருநாள் கந்தோர் முடிந்து வரும் வழியில் இணுவிலுக்குத் திரும்புவேன். சும்மா வந்தேன் என்றால் அவருக்குப் பிடிக்காது, காரணம் வேண்டும்.

"எங்கடை வீட்டு ரேடியோ திரும்பவும் இரையுது, அண்ணை," என்பேன்.

முள்ளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எப்போது இரைகிறது, எந்தப் பக்கம் திருப்பினால் குறைகிறது, மழைக்கு முன்னாலா பின்னாலா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். நானும் ஒவ்வொன்றாகச் சொல்லுவேன். மணியக்கா தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். "ஒருக்கால் கொண்டு வாருமன்," என்பார் முள்ளர் படலைவரை வந்து. "வாற கிழமை கட்டாயம் கொண்டு வாறன் அண்ணை," என்று சொல்லிவிட்டு வருவேன்.

என் வீட்டில் ரேடியோவே கிடையாது.